பழைய வண்டியும் பழுதுக் கணக்கும்

தோட்டத்தில் ஒருவர் பிக்-அப் வண்டி வாங்கிவிட்டார் என்றால் அன்று மாலையே குடியிருப்பில் பாதிப் பேர் அதைச் சுற்றி நிற்பார்கள். டயரை உதைத்துப் பார்ப்பவர் ஒருவர். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பவர் ஒருவர். "எவ்வளவுக்குக் கிடைத்தது?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. இனிமேல் எவ்வளவு ஆகும் என்று கேட்டவரை நான் கண்டதில்லை. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கிற நானாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொண்டே இதை எழுதத் தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டம் கெடாவில், சுங்கைப் பட்டாணியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் செம்பனை வந்துவிட்ட பிறகும் பால்மரம் நிற்கும் தோட்டங்களில் அதுவும் ஒன்று. இப்போதெல்லாம் வாளியில் பால் சுமப்பது குறைவு. மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலைத்தான் சாக்கில் கட்டி ஆலைக்கு அனுப்புகிறோம். அதற்கென்று தோட்டத்துக்குச் சொந்தமான லாரி ஒன்று இருந்தது, ஓட்டுநர் இருந்தார், பழுது பார்க்க ஆள் இருந்தார். 2022-ஆம் ஆண்டில் நிர்வாகம் லாரியை விற்றது. இனிமேல் ஒப்பந்தத்துக்கு விடுவதே சிக்கனம் என்றார்கள்.

இருபத்தெட்டு ஆண்டு பால் வெட்டிய அண்ணன் ஒருவர் அப்போதுதான் 55 வயது நிரம்பிச் சேமநிதிப் பணத்தை எடுத்திருந்தார். அதில் 26,000 வெள்ளி கொடுத்து, 2008-இல் பதிவான நாலுகதவு டீசல் பிக்-அப் ஒன்றை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்துக்கு வந்து நின்றார். ஒரு பயணத்துக்கு என்ன கூலி கொடுப்பது? நிர்வாகி என்னை அழைத்து, "ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்கள்" என்றார். போட்டுக் கொடுத்தேன். வெட்டுக்காட்டைச் சுற்றி ஆலைக்குப் போய்த் திரும்ப 50 கிலோமீட்டர். அதற்கு ஐந்தரை லிட்டர் டீசல்; லிட்டர் 2 வெள்ளி 15 காசு வீதம் 12 வெள்ளி. ஓட்டுகிறவர் கூலி 40. இதரச் செலவு 8. ஆக 60 வெள்ளி. நிர்வாகி கையொப்பமிட்டார். அண்ணனுக்கும் மகிழ்ச்சி. அந்தத் தாளில் பழுது என்ற பத்தியே இல்லை. எழுதியது என் கைதான்.

எந்தக் கம்பெனி வண்டி என்பதை இங்கே எழுதப் போவதில்லை. குறை கம்பெனியுடையதன்று, வயதினுடையது. பதினைந்து ஆண்டு கடந்து, மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய எந்த டீசல் பிக்-அப்பை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய இதே நோய்கள்தாம், ஏறக்குறைய இதே வரிசையில் வருகின்றன. நம் தோட்டங்களில் இத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். காய்கறி ஏற்றுகிறவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுகிறவர், கோயில் திருவிழாவுக்குச் சாமான் இழுக்கிறவர் என்று எல்லோருக்கும் இது பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வந்தது இன்ஜெக்டர். டீசலை மிகுந்த அழுத்தத்தில் என்ஜினுக்குள் பீய்ச்சும் நான்கு ஊசிகள் அவை. பழைய டீசல் என்ஜின்கள் கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். ஏறத்தாழ 2005-க்குப் பிறகு பரவிய காமன்-ரெயில் என்ஜின்கள் பொறுக்கமாட்டா. பீப்பாயில் வைத்திருந்த டீசல், அடியில் தேங்கிய தண்ணீர், மாற்றாமல் விட்ட டீசல் வடிகட்டி, இவை மூன்றும் சேர்ந்தால் ஊசிமுனை தேய்ந்துவிடும். "தம்பி, வண்டி நல்லாத்தான் ஓடுது. காலையில மட்டும் கொஞ்ச நேரம் இழுத்துக்கிட்டுப் பிடிக்குது" என்று அண்ணன் சொன்னபோது நோய் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. வெள்ளைப் புகை, வெறும் ஓட்டத்திலேயே டக்டக்கென்ற சத்தம், டீசல் கூடுதலாகக் குடிப்பது எல்லாம் பின்னாலே வந்தன. ரீகோன் செய்த இன்ஜெக்டர் ஒன்று 450 வெள்ளி வீதம் நான்கு. கழற்றி மாட்டி, செப்பு வளையம் மாற்ற 200. மொத்தம் 2,000 வெள்ளி. நேரத்தில் மாற்றியிருக்க வேண்டிய வடிகட்டியின் விலை 50 வெள்ளி.

அந்தச் செப்பு வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கையிலே வைத்தால் மோதிரம் போல் இருக்கும். இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் அடைப்பாக இருப்பது. சில என்ஜின்களில் அது கசிந்தால் எரிந்த கரி மேலே ஏறி என்ஜின் எண்ணெயோடு கலக்கிறது. கரி அடியில் இறங்கி எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கிறது. பிறகு எண்ணெய் மேலே ஏறாது; என்ஜின் இறுகிப்போகும். அப்படி இறுகினால் ஹாப்-கட் கடையில் பழைய என்ஜின் தேட வேண்டியதுதான். அது பல ஆயிரம் வெள்ளிச் சமாச்சாரம். காலையில் சாவி திருப்பியதும் எண்ணெய் விளக்கு அணையச் சற்றுத் தாமதமானாலும் அன்றே பட்டறைக்குப் போங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அடுத்தது டைமிங் பெல்ட். பெல்ட் உள்ள வண்டியும் உண்டு, சங்கிலி உள்ள வண்டியும் உண்டு. உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெல்ட் உள்ளதில் லட்சம் முதல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் அதை மாற்றச் சொல்வார்கள். சில வண்டிகளில் நேரம் வந்ததும் மீட்டர் பலகையில் விளக்கு எரியும். ஆனால் அந்த விளக்கைப் பெல்ட் மாற்றாமலே அணைத்துவிட முடியும். விற்கிறவர் அணைத்துவிட்டு விற்றால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? மாற்றிய பட்டறையின் ரசீதைக் கேட்க வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு என்ஜின் தலையே போய்விடும். அண்ணனிடம் ரசீது இல்லை. பெல்ட்டை நிமிர்த்தும் உருளை, தண்ணீர்ப் பம்பு எல்லாவற்றோடும் 850 வெள்ளி கொடுத்து மாற்றினார். கழற்றிய பெல்ட்டை என்னிடம் காட்டினார். பல் இரண்டு பிய்ந்திருந்தது. காலமெல்லாம் ரப்பரோடு வாழ்ந்தவரை ஒரு ரப்பர்ப் பட்டை கவிழ்க்கப் பார்த்தது. அது நம் மரத்துப் பாலன்று, செயற்கை ரப்பர் என்று பட்டறைத் தவுக்கே சிரித்துக்கொண்டே சொன்னார். நம் மரத்துப் பால் என்ஜின் தாங்கிகளிலும் ஸ்பிரிங் புஷ்களிலும் இன்னும் வேலை செய்கிறது. அதுவும் தேயத்தான் செய்கிறது.

ரேடியேட்டர், கிளட்ச், ஆல்டர்னேட்டர், பேட்டரி ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். தினமும் காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தண்ணீர் எங்கேயோ போகிறது என்றுதானே அதற்குப் பொருள்? குழாய் கசிந்தால் ஐம்பது வெள்ளியோடு போகும். சூடேறித் தலை வளைந்தால் ஒரு மாதச் சம்பளம் போதாது.

கிளட்சும் ஸ்பிரிங் பட்டையும் போவதற்கு முக்கியக் காரணம் வயது மட்டுமன்று, பாரம். இந்த வண்டிகள் ஒரு டன்னுக்கு உட்பட்ட பாரத்துக்குச் செய்யப்பட்டவை. பயணத்துக்குத்தான் கூலி, எடைக்கு அன்று. மிச்சம் இரண்டு சாக்குக்காக இன்னொரு பயணம் போகச் சம்மதிக்காத நிர்வாகமும், "ஏத்துங்க, போயிடும்" என்று சொல்லும் வண்டிக்காரரும் சேர்ந்துதான் பட்டையை முறிக்கிறார்கள். இதில் நம்மவர்கள் குற்றமும் பாதி உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

இப்போது, என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்த சங்கதிக்கு வருகிறேன்.

கட்டிப்பாலிலிருந்து வடியும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதன் நாற்றம் கையை விட்டே போகாது. பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட்டும் அதில் கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் வண்டித் தட்டின் இடுக்குகள் வழியாகக் கீழே சொட்டிக்கொண்டே போகிறது. முதலில் தட்டு துருப்பிடிக்கிறது; அது கண்ணுக்குத் தெரியும். பிறகு அடிச்சட்டம் துருப்பிடிக்கிறது; குனிந்து பார்த்தால் தெரியும். அந்தச் சட்டத்தோடு ஒட்டிப் பின் சக்கரத்துக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது. அது பிரேக் குழாய். அதைப் பார்க்க யாரும் குனிவதில்லை.

2025 அக்டோபரில் ஒரு மழை நாள். கட்டிப்பால் ஏற்றிக்கொண்டு மேட்டுக் காட்டிலிருந்து வண்டி இறங்கியது. மழையாயிற்றே என்று பால்வெட்டுப் பெண்கள் இருவர் சாக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சரக்குத் தட்டில் ஆள் ஏற்றக்கூடாது என்பது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நிர்வாகத்துக்கும் தெரியும். லாரி இருந்த காலத்தில் மழை நாளில் ஆட்களைக் கொண்டுவர வேறு வண்டி வரும். லாரியோடு அந்த ஏற்பாடும் போய்விட்டதை யாரும் பேசவில்லை.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் பெடல் தரை வரை போய்விட்டது. பின்குழாய் வெடித்துவிட்டது. முன்சக்கரம் மட்டும் பாதி பிடித்தது. ஈரச் செம்மண்ணில், அவ்வளவு பாரத்தில் அது எம்மாத்திரம்? அண்ணன் பதறாமல் வண்டியை மேட்டுப்பக்கம் திருப்பி மண்ணில் மோதி நிறுத்தினார். மறுபக்கம் பள்ளம். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது, மற்றவருக்குச் சிராய்ப்பு. அண்ணன் நெஞ்சை ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டார். பெண்கள் தோட்டத்துத் தொழிலாளர்களாதலால் அவர்களுக்குச் சொக்சோ பாரம் நிரப்பினேன். அண்ணனுக்கு நிரப்பப் பாரமில்லை. அவர் இப்போது தொழிலாளி அல்லர், ஒப்பந்தக்காரர். 2017-ஆம் ஆண்டில் வந்த சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சிக்காரர்களுக்கு வந்து, பிறகு மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. அதில் அவர் சேர்ந்திருக்கலாம். சேரச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. தினமும் அவருக்கு வவுச்சர் எழுதிக் கொடுத்த நானும் சொல்லவில்லை.

அன்றிரவு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் பட்டறை ரசீதுகள். எண்ணெய்க் கறையோடு, மடித்து மடித்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் வாங்கி வந்து அலுவலகப் பேரேட்டில் எழுதுவது போல் எழுதினேன். டிசம்பர் முடியும்வரை வந்தவற்றையும் அதிலேயே சேர்த்தேன். 2024 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை இரண்டு ஆண்டு. டயர் நான்குக்கு 1,360. கிளட்ச் 980. எண்ணெயும் வடிகட்டியும் ஆறு தடவைக்கு 1,080. தட்டுக்கு ஒட்டு வேலை 650. ஸ்பிரிங் பட்டையும் புஷ்ஷும் 540. விபத்துக்குப் பிறகு பிரேக் குழாய்களும் மாஸ்டர் பம்பும் 410. முன்பே மாற்றியிருந்தால் அந்தக் குழாய் நூறு வெள்ளிக்குள் முடிந்திருக்கும். இன்ஜெக்டர், பெல்ட், ரேடியேட்டர், மற்றச் சில்லறை எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 9,680 வெள்ளி. மோதியதில் நசுங்கிய முகப்பு இதில் சேரவில்லை. ரோட்டாக்ஸும் இன்சூரன்ஸும் சேரவில்லை.

மாதம் 24 பயணம் வீதம் இரண்டு ஆண்டில் 576 பயணம், 28,800 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 34 காசு. பயணத்துக்கு 16 வெள்ளி 80 காசு. நான் "இதரம்" என்று எழுதியது 8 வெள்ளி.

டீசல் கதை வேறு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. என் தாளில் 12 வெள்ளியாக இருந்தது 18 வெள்ளி 40 காசாயிற்று. பின்னர் விலை ஏறி இறங்கினாலும் 2025 முழுவதும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. நியாயமாகச் சொல்லவேண்டுமானால், அரசாங்கம் புடி மடானி என்று மாதம் 200 வெள்ளி கொடுத்த திட்டத்தில் அண்ணனுக்கும் கிடைத்தது. டீசலில் விழுந்த துண்டை அது அடைத்தது. ஆகவே டீசலைச் சொல்லி அழ நான் வரவில்லை. டீசல் ஏறினால் பத்திரிகையில் வருகிறது, பாராளுமன்றத்தில் பேசுகிறார்கள், உதவித்தொகை வருகிறது. பழுது அப்படிச் சத்தம் போட்டு வருவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை 380 வெள்ளி, இரண்டு மாதம் கழித்து 460 வெள்ளி என்று பிஸ்கட் டின்னுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

60 வெள்ளியில் டீசலும் பழுதும் 35 வெள்ளி 20 காசு போனால் மிச்சம் 24 வெள்ளி 80 காசு. அரைநாளுக்கு மேல் ஓட்டி, சாக்குத் தூக்கி, ஆலை வாசலில் வரிசை நின்று சம்பாதிப்பது அதுதான். 24 பயணத்துக்கு 595 வெள்ளி. மேலே சொன்ன 200-ஐச் சேர்த்தாலும் 795. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று என்பதைத் தோழர்கள் அறிவார்கள். வண்டிக்குப் போட்ட 26,000 வெள்ளிச் சேமநிதியை நான் இன்னும் கணக்கில் தொடவேயில்லை.

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மறுப்பு வருகிறது. நிர்வாகத்தார், "யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லையே, பழைய வண்டி வாங்கியது அவர் இஷ்டம்" என்கிறார்கள். புதிய நாலுகதவு பிக்-அப் லட்சம் வெள்ளிக்கு மேல். அதை வாங்கி ஒன்பது ஆண்டுத் தவணை கட்டுகிறவன் 60 வெள்ளிக்கு வருவானா? பழைய வண்டிக்காரர் இருப்பதால்தான் அந்தக் கூலி நடக்கிறது. பழுதும் லாரியோடு சேர்ந்து தோட்டக் கணக்கிலிருந்து வெளியே போனதே தவிர, இல்லாமல் போகவில்லை. தோட்டத்துப் பேரேட்டில் இருந்தது அண்ணி வைத்திருக்கும் டின்னுக்கு மாறியது.

இன்னொரு மறுப்பு நம் கிளைக் கூட்டத்திலேயே எழுந்தது. "அவர் இப்போது முதலாளி. முதலாளிக்காகச் சங்கம் ஏன் பேசவேண்டும்?" என்று ஒரு தோழர் கேட்டார். கேள்வியில் நியாயமில்லாமலில்லை. சொந்த வண்டி உடையவர் நம்மைப் போன்றவர் அல்லர்தான். ஆனால் அந்த வண்டியின் தட்டில் மழைக்கு உட்கார்ந்திருந்த இருவரும் சந்தா கட்டும் உறுப்பினர்கள். பிரேக் குழாய்க்கு நூறு வெள்ளி ஒதுக்க வழியில்லாத கூலியை அண்ணனுக்கு எழுதியபோது அவர்களுடைய மணிக்கட்டையும் சேர்த்தே எழுதினேன் என்று இப்போது தெரிகிறது. அந்தத் தோழருக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான். அவர் முழுதும் ஒப்புக்கொண்டதாகச் சொல்லமாட்டேன்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. வண்டி ஒப்பந்தம் போடும் ஒவ்வொரு தோட்டத்திலும் கூலித்தாளில் பழுதுக்கென்று தனிப் பத்தி வேண்டும். கிலோமீட்டருக்கு இத்தனை காசு என்று அது இருக்க வேண்டும். டீசல் பத்தி பம்பு விலையோடு ஏறி இறங்க வேண்டும். மழை நாளில் ஆட்களைக் கொண்டுவரும் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. அதை ஒப்பந்தக்காரர் தலையில் ஏற்றக்கூடாது. என் புதிய தாளில் டீசல், பழுது, 45 வெள்ளி கூலி, இன்சூரன்ஸ் வகைக்கு 5 என்று போட்டதில் 85 வெள்ளி வருகிறது. அதை நிர்வாகியின் மேசையில் வைத்திருக்கிறேன்.

வண்டி வாங்க நினைப்பவர்களுக்கும் சொல்லவேண்டும். பெயர் மாற்றும்போது நடக்கும் பரிசோதனையில் என்ஜினைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதில் தேறிவிட்டது என்பதால் நல்ல வண்டி என்று எண்ணாதீர்கள். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யுங்கள். விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். நான்கு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசல் சமமாக இருக்கிறதா என்று பட்டறையில் நான்கு போத்தல் வைத்துச் சோதிப்பார்கள், சிறு கூலிதான். படுத்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகக்கூடாது. விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் வருடப் பழுதுக்கென்று ஒதுக்கி வைக்க முடியாதவர் அந்த வண்டியை வாங்கவேண்டாம். கட்டிப்பால் ஏற்றுகிறவர்கள் மாலையில் தட்டையும் அடியையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

நாலைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்து பயணத்துக்குப் பத்து வெள்ளி வீதம் ஒரு பொதுநிதி போட்டால் இன்ஜெக்டர் போனவர் வட்டிக்கடைக்குப் போகவேண்டியதில்லை என்றும் ஓர் யோசனை. 1960-ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டபோது, நம் பாட்டன்மார் தோட்டத்தையே வாங்கக் காசு சேர்த்தார்கள். ஒரு டைமிங் பெல்ட்டுக்கு நாம் சேர்க்க முடியாதா?

மற்றத் தோட்டங்களில் கணக்கெழுதும் தோழர்கள் தங்கள் பக்கத்து வண்டிக்காரர்களின் ரசீதுகளையும் கூட்டிப் பார்த்துக் கிளைக்கு அனுப்பவேண்டும். ஒரு தோட்டத்துக் கணக்கை நிர்வாகம் தள்ளிவிடும். பத்துத் தோட்டத்துக் கணக்கு வந்தால் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம்.

அண்ணன் வண்டி இந்த வாரம் மறுபடியும் பட்டறையில் நிற்கிறது. பின் அச்சில் பேரிங் கத்துகிறது. 240 வெள்ளி ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்; ரசீது வந்ததும் என்னிடம் கொடுக்கும்படி அண்ணியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.